குருத்தோலை முதல் காலிக் கல்லறை வரை: பிள்ளைகளோடு புனித வாரக் கைவேலை – ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் பிறந்தால் கோலாலம்பூர் பேரங்காடிகளில் சாக்லேட் முட்டையும் முயல் பொம்மையும் வந்து அடுக்கப்படுகின்றன. பனி உருகிப் புல் துளிர்க்கும் நாடுகளில் பிறந்த அடையாளங்கள் அவை. அங்கே ஈஸ்டரும் வசந்தமும் கைகோத்து வரும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த மாதங்களில் வருவது வெக்கையும் பிற்பகல் இடிமழையும்தான். முயலை வைத்து ஆண்டவரின் உயிர்ப்பை விளக்க முனைந்தால், நம் பிள்ளைக்கு முயல் மட்டுமே நினைவில் நிற்கும்.

நமக்குத் தென்னை இருக்கிறது. ஓலை, ஈர்க்கு, சிரட்டை, தும்பு என்று அது தருவதை வைத்தே குருத்தோலை ஞாயிறு தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரை எட்டு நாள் கதையையும் பிள்ளையின் கையில் கொடுத்துவிடலாம். கதை நடந்த வரிசையிலேயே கைவேலையும் நடக்கட்டும். வெள்ளிக்கிழமை வேலையை வியாழனே முடிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு உரியதைச் சனிக்கிழமை காட்டிவிடாதீர்கள். சீடர்கள் காத்திருந்தார்கள். பிள்ளையும் காத்திருந்தால்தான் ஞாயிறு காலை அதற்குப் பொருள்படும்.

நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஈஸ்டருக்கு நிலையான தேதி இல்லை. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது திருச்சபைக் கணக்கு. 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28, 2028-ல் ஏப்ரல் 16. அதற்கு முந்தின ஞாயிறு குருத்தோலை ஞாயிறு.

புனித வெள்ளி சபாவிலும் சரவாக்கிலும்தான் பொது விடுமுறை. தீபகற்பத்தில் அன்று பள்ளியும் உண்டு, அலுவலகமும் உண்டு. விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் எடுப்பார்கள். மற்றவர்கள் வேலை முடிந்து நேரே கோயிலுக்கு ஓடுவார்கள். ஆகவே கீழே உள்ள வேலைகளில் பெரும்பாலானவற்றை வீட்டுப்பாடம் முடிந்தபின் ஒரு மாலைக்குள் முடித்துவிடும் அளவிலேயே வைத்திருக்கிறேன். ஓலையும் முட்டையும்தான் சற்றுக் கூடுதல் நேரம் கேட்கும். அவற்றுக்கு வார இறுதி இருக்கிறது.

என்னென்ன வாங்க வேண்டும்

குருத்தோலைதான் முதல் தேவை. பெரும்பாலான கோயில்களில் ஞாயிறு பவனிக்கு ஓலை கொடுப்பார்கள். ஆனால் பழகுவதற்குக் கூடுதலாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா மாலைக்கடைகளிலும் இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சொல்லி வையுங்கள். தோரணம் கட்டுகிறவர்களிடம் எப்போதும் இருக்கும். நோன்புப் பெருநாளை ஒட்டி ஈஸ்டர் வரும் ஆண்டுகளில் பாசாரில் கெத்துப்பாட் பின்னுவதற்கென்று விற்கும் இளம் ஓலையும் இதேதான். பக்கத்து வீட்டுத் தென்னையில் மட்டும் கை வைக்க வேண்டாம். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. தெரியாமல் குருத்தை வெட்டினால் மரமே பட்டுப்போகும். செம்பனை ஓலையும் வேண்டாம். அது விறைப்பானது, மட்டையில் முள் உண்டு.

வாங்கிய ஓலையை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். இரண்டு மூன்று நாள் வளைவு கெடாது.

மற்றவை: உடைத்த தேங்காயின் கண் இல்லாத பாதிச் சிரட்டை, ஒரு தட்டையான தட்டு, தேங்காய்த் தும்புத் தூள், வெந்தயம், கோதுமை மாவு, தூள் உப்பு, புது ஈர்க்குத் துடைப்பத்திலிருந்து பத்துப் பதினைந்து ஈர்க்கு, தடித்த வெள்ளை மெழுகுதிரி ஒன்று, சாமிப்பொருள் விற்கும் சீனர் கடையில் கிடைக்கும் சிறிய சிவப்பு மெழுகுதிரி ஒன்று, கிராம்பு, பட்டை, வெங்காயத் தோல். வெங்காயத் தோலைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வாரம் முழுவதும் உரிப்பதைச் சேர்த்து வையுங்கள். போதாவிட்டால் மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள், மூட்டையடியில் உதிர்ந்ததை அள்ளித் தருவார்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள்: தோட்டம் விதைத்தல்

வெந்தயத்தை முந்தின இரவே ஊறப்போடுங்கள். சனிக்கிழமை காலை, தும்புத் தூளை நனைத்துத் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பச் சொல்லுங்கள். ஒரு மூலையில் சிரட்டைக்கு இடம் விட்டு, மற்ற இடத்தில் வெந்தயத்தை நெருக்கமாகத் தூவி மேலே மெல்லிய ஈரப்படலமாகத் தூளைப் போட்டால் போதும். காலையும் மாலையும் கையால் தெளிக்க வேண்டும். நம் வெப்பத்தில் மூன்றாம் நாளுக்குள் முளை தெரியும். எட்டாம் நாள் விரல் உயரப் பச்சை நிற்கும். பச்சைப்பயறு இன்னும் வேகமாக வரும், ஆனால் நெடுநெடுவென்று வளர்ந்து கல்லறையை மறைத்துவிடும். வெந்தயமே சரி.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் தட்டைப் பால்கனியில் வைத்தால் நான்கு மணி மழைக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். அடித்துப் பெய்யும் மழை முளையைக் கிளப்பிவிடும்.

முளைப்பாரி பார்த்த பாட்டி வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவரிடம் விட்டுவிடலாம். தமிழ்நாட்டுக் கிராமத்துத் திருவிழாக்களின் முளைப்பாரியும் இதே கைப்பக்குவம்தான். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது யோவான் நற்செய்தி 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: மண்ணில் விழுந்து மடியாத கோதுமை மணி தனியாகவே கிடக்கும், மடிந்தால்தான் பலன் தரும் என்ற உவமை. சனிக்கிழமை அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். விதையைப் போடட்டும். புதன்கிழமை முளை தெரியும்போது சொல்லுங்கள்.

குருத்தோலை ஞாயிறு: ஓலைச் சிலுவை

இந்த வாரத்தின் மிக முக்கியமான கைவேலை இது. ஆகவே அவசரப்படாமல், பவனி முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, தரையில் பாய் விரித்து எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். ஆறு வயதுப் பிள்ளை செய்யக்கூடிய எளிய முறையைச் சொல்கிறேன்.

1. ஓலையின் நடு ஈர்க்கைக் கிழித்து எடுங்கள். இரண்டு நீள நாடா கிடைக்கும். ஓரத்தில் கை அறுபடலாம். கிழிப்பது பெரியவர் வேலை.

2. ஏறத்தாழ 2 செ.மீ. அகலத்தில் 40 செ.மீ. நாடா ஒன்று, 24 செ.மீ. நாடா ஒன்று, அரை செ.மீ. அகலத்தில் 40 செ.மீ. நாடா ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள்.

3. 40 செ.மீ. அகல நாடாவைப் பளபளப்பான பக்கம் வெளியே தெரியும்படி சரிபாதியாக மடியுங்கள். மடிப்பு மேலே இருக்கட்டும். இது சிலுவையின் நெடுமரம்.

4. மடிப்பிலிருந்து 6 செ.மீ. கீழே, இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே 24 செ.மீ. நாடாவைக் குறுக்காகச் செருகி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் 6 செ.மீ. விட்டு, மிச்சத்தைப் பின்புறம் மடியுங்கள். இரண்டு நுனியும் நெடுமரத்தின் முதுகில் சந்திக்கும்.

5. மெல்லிய நாடாவின் நுனியைப் பின்புறம் பெருவிரலால் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் இட மேல்மூலையிலிருந்து வலக் கீழ்மூலைக்கு இரண்டு சுற்று. பிறகு வல மேலிருந்து இடக் கீழுக்கு இரண்டு சுற்று. முன்னால் பெருக்கல் குறி விழும். வால் நுனியைப் பின்புறச் சுற்றுக்குள் செருகி இழுங்கள்.

6. கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் எடுத்தால் விறைப்பாக நிற்கும்.

பத்து வயதைத் தாண்டியவர்கள் ஒரே நாடாவில் சிலுவை மடிக்கப் பழகலாம். கோயிலில் வயதான அம்மாக்கள் யாராவது கண்ணை மூடிக்கொண்டே மடிப்பார்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். எழுத்தில் படித்துப் பழகுவதைவிட அவர் கையைப் பார்த்துப் பழகுவது எளிது.

மிச்ச ஓலையில் பீப்பி, கைக்கடிகாரம், காற்றாடி, பந்து என்று பிள்ளைகள் விளையாடட்டும். எருசலேமுக்குள் இயேசு கழுதைமேல் நுழைந்தபோது ஜனங்கள் மரக்கிளைகளை வெட்டி வழியில் பரப்பினார்கள், ஆடைகளை விரித்தார்கள், ஓசன்னா என்று ஆர்ப்பரித்தார்கள். அது சத்தமும் குதூகலமும் நிறைந்த நாள். பீப்பிச் சத்தம் அந்த நாளுக்குப் பொருத்தமானதே.

இன்னொன்றும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். இதே ஓலையில் இந்துக்கள் கோயில் வாசலுக்குத் தோரணம் கட்டுகிறார்கள், மலாய்க்காரர்கள் கெத்துப்பாட் பின்னுகிறார்கள். கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் மா மெரி பூர்வகுடி மக்கள் முன்னோரை வணங்கும் ஹரி மோயாங் நாளுக்கு நிப்பா ஓலையை மடித்து அலங்காரம் செய்கிறார்கள். ஓலை மடிப்பது இந்த மண்ணில் எல்லாருக்கும் தெரிந்த கலை. பள்ளியில் கூடப் படிக்கும் தோழிக்குத் தன் சிலுவையையும், அவளிடமிருந்து கெத்துப்பாட் முடிச்சையும் பிள்ளை கொடுத்து வாங்கிக்கொண்டால் அதைவிட நல்லது வேறில்லை.

திங்கள் முதல் புதன் வரை: முள்முடி

இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் தூள் உப்பு, முக்கால் கப் தண்ணீர். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து மூன்று நீளத் திரிகளாக உருட்டுங்கள். சடை பின்னுவதுபோல் பின்னி வட்டமாக இணையுங்கள். ஈர்க்கை இரண்டு அங்குலத் துண்டுகளாக ஒடித்துச் சுற்றிலும் குத்துங்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை திருகி விடுங்கள். இல்லாவிட்டால் காய்ந்தபின் வெளியே வராது. மிச்ச மாவில் சிரட்டை வாயை மூடும் அளவுக்கு வட்டமான தட்டை ஒன்று செய்து வையுங்கள், அதுதான் கல்லறைக் கல். ஓவனில் 120 பாகைச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம். ஓவன் இல்லாவிட்டால் மூன்று நான்கு நாள் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைக்க வேண்டும். அப்படியானால் முந்தின வாரமே செய்துவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதம் உப்பு மாவுக்கு எதிரி. காய்ந்ததும் தகர டப்பாவில் மூடி வையுங்கள்.

பிள்ளை ஒரு நன்மை செய்யும் ஒவ்வொரு முறையும் முள் ஒன்றைப் பிடுங்கட்டும். தங்கைக்குக் கடைசித் துண்டு கேக்கை விட்டுக்கொடுத்தது, தாத்தாவின் மருந்தை எடுத்துக் கொடுத்தது போன்றவை போதும். இதைக் கணக்குப் புத்தகமாக ஆக்கிவிட வேண்டாம். “நீ தப்புச் செய்தால் இயேசுவுக்கு முள் குத்தும்” என்று பயமுறுத்துவதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பி இரவில் அழும். முள்ளை எடுத்துவிடும் கை தன்னுடையது என்பதை மட்டும் அது உணர்ந்தால் போதும்.

புனித வியாழன்: அப்பமும் தண்ணீரும்

அன்று புளிப்பில்லாத அப்பம். சப்பாத்தி மாவைப் பிள்ளையே உருட்டி, ஈர்க்கால் நடுவில் சிலுவைக் கோடு இழுத்து, நீங்கள் தவாவில் சுட்டுக் கொடுங்கள். பிரிக்பீல்ட்ஸில் புனித மரியா ஆர்த்தடாக்ஸ் சிரியன் பேராலயமும் இருப்பதால் மலையாளி நண்பர்கள் பலருக்கு இருப்பார்கள். அவர்கள் வீட்டில் அன்றிரவு பெசகா அப்பம். அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்கவிடாமல் அவித்து, மேலே குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் செய்த சிறு சிலுவையை வைப்பார்கள். குடும்பத் தலைவர் ஜெபித்து வெட்டிப் பகிர்வார். நம் வீட்டு அப்பத்தின் மேலும் ஞாயிறு செய்த சிலுவையை ஒரு நிமிடம் வைத்து எடுக்கலாம்.

சாப்பிடும் முன் ஒரு பேசினில் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்து ஒருவர் காலை ஒருவர் கழுவுங்கள். அப்பா மகள் காலைக் கழுவட்டும். மகள் பாட்டி காலைக் கழுவட்டும். 2016-ல் போப் பிரான்சிஸ் பெண்களின் பாதங்களையும் இந்தச் சடங்கில் கழுவலாம் என்று கத்தோலிக்க வழிபாட்டு விதியையே திருத்தினார். வீட்டில் அதற்கு எந்த விதியும் தேவைப்பட்டதில்லை.

புனித வெள்ளி: கல்லறையை மூடுதல்

சிரட்டையைத் தட்டின் மூலையில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். வாய் முன்னோக்கி இருக்க வேண்டும். அடியில் மூன்றில் ஒரு பங்கு தும்புக்குள் புதையட்டும். மேலும் பின்னாலும் ஈரத்தூளை அப்பி, மேலே கொஞ்சம் பாசி ஒட்டினால் குகையாகிவிடும். இந்தக் குகையை மட்டும் வியாழனே செய்து வைக்கலாம்.

மூன்று மணி ஆராதனையோ ஏழு வார்த்தைகள் தியானமோ முடிந்து வந்தபின், இரண்டு ஈர்க்கைக் கட்டிச் செய்த சிறு உருவம் ஒன்றை வெள்ளைத் துணித்துண்டில் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே வைத்து மாவுக் கல்லால் மூட வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் எல்லாரும் பேசாமல் இருங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆணி, ரத்தம் என்று விவரிக்க வேண்டியதில்லை. இறந்தார், நண்பர்கள் அழுதார்கள், புதைத்தார்கள்; அவ்வளவு போதும். எட்டு வயதுக்கு மேல் “ஏன் அவரைக் கொன்றார்கள்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அன்றிரவே நேர்மையாகப் பதில் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பாட்டியையோ மாமாவையோ அண்மையில் இழந்த வீடாக இருந்தால் பிள்ளை அவரைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். பேசவிடுங்கள்.

அதோடு இன்னொரு சிறு வேலை. ஒரு துணியில் கிராம்பு, பட்டை, அன்னாசிப்பூ வைத்து முடிச்சுக் கட்டச் சொல்லுங்கள். பெண்கள் நறுமணப் பொருள்களை வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போனார்களே, அந்தப் பொட்டலம் அது. ஞாயிறு காலை தேவைப்படும்.

சனிக்கிழமை: சிவப்பு முட்டையும் பாஸ்கா திரியும்

இங்கே கடைகளில் கிடைக்கும் கோழி முட்டை பெரும்பாலும் பழுப்பு ஓடு உள்ளது. அதன்மேல் மஞ்சளும் சங்குப்பூ நீலமும் எடுப்பாகப் பிடிக்காது. வெங்காயத் தோல்தான் செங்காவி நிறத்தில் அழகாகப் பிடிக்கும். நீலம் வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால் வெளிறிய ஓடுள்ள வாத்து முட்டை வாங்குங்கள்.

ஒரு சட்டி நிறையத் தோலை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடித்து, ஆறவையுங்கள். ஒரு கரண்டி வினிகர் சேர்க்கலாம். முட்டைமேல் கொத்துமல்லி இலையையோ முருங்கை இலையையோ ஒட்டவைத்து, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுகக் கட்டி, அந்தத் தண்ணீரில் பன்னிரண்டு நிமிடம் வேகவையுங்கள். ஆறியதும் சட்டியோடு குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் நிறம் ஆழமாகும். கட்டை அவிழ்க்கும்போது செம்மைக்கு நடுவே இலை வடிவம் வெளிறித் தெரியும், பிள்ளைகள் கத்திவிடுவார்கள்.

தவக்காலத்தில் முட்டை விலக்கிய பழங்காலக் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டர் முட்டை நோன்பு முறிக்கும் உணவு. கீழைத் திருச்சபைகளில் சிவப்பு கிறிஸ்துவின் ரத்தம், ஓடு மூடிய கல்லறை. சீன நண்பர் வீட்டுக் குழந்தையின் மாதம் நிறைந்த விருந்தில் சிவப்பு முட்டை வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைக்குப் புது உயிருக்கும் சிவப்பு முட்டைக்கும் உள்ள உறவைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

மாலையில் திரி. பாஸ்கா திருவிழிப்பில் குருவானவர் பெரிய மெழுகுதிரியில் சிலுவையும், அதன் மேலும் கீழும் கிரேக்கத்தின் முதல், கடைசி எழுத்துகளும், நான்கு மூலைகளில் ஆண்டின் நான்கு இலக்கங்களும் வரைவார். ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். வீட்டுத் திரிக்குச் சிவப்பு மெழுகுதிரியைச் சீவி, உள்ளங்கைச் சூட்டில் மெல்லிய நூலாக உருட்டி ஒட்டுங்கள். மேலே ‘அ’, கீழே ‘ன’. 2027-க்கு இட மேலே 2, வல மேலே 0, இடக் கீழே 2, வலக் கீழே 7. சாம்பிராணிக்குப் பதில் ஐந்து கிராம்பு: சிலுவையின் உச்சி, நடு, அடி, இடக்கை, வலக்கை என்ற வரிசையில். எல்லாமே திரியின் கீழ்ப்பாதியில் இருக்கட்டும், தீ அவ்வளவு கீழே இறங்காது.

பிள்ளை தூங்கியபின் உங்கள் வேலை ஒன்று இருக்கிறது. கல்லை ஒருபக்கம் உருட்டி வைத்து, ஈர்க்கு உருவத்தை எடுத்துவிட்டு, துணியை மடித்து உள்ளேயே வையுங்கள். யோவான் நற்செய்தியில் துணிகள் கிடந்த விதம்கூடச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே மடித்தே வையுங்கள். தட்டின்மேல் வெள்ளைத் துணி போர்த்திவிடுங்கள்.

உயிர்ப்பு ஞாயிறு

விடியும் முன் எழுப்புங்கள். பாஸ்கா திரியை ஏற்றி, மணப்பொட்டலத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் தட்டருகே அழைத்துப் போங்கள். மகள் இருந்தால் துணியை விலக்கும் வேலை அவளுக்கே. கல்லறைக்கு முதலில் போனவர்களும், அது காலியாக இருப்பதைக் கண்டவர்களும் பெண்கள். மகதலேனா மரியாளிடமிருந்துதான் சீடர்களுக்கே செய்தி போனது. பொட்டலம் இனி எதற்கு என்று பிள்ளை கேட்டால், “அவர்களுக்கும் அதே கேள்விதான்” என்று சொல்லிக் கதையைத் தொடங்குங்கள்.

பிறகு முட்டை மோதல். ஆளுக்கொரு முட்டை, நுனியோடு நுனி இடிக்க வேண்டும். யாருடையது உடையாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கிரேக்கர் வீடுகளில் இது பெரிய ஆட்டம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவித்த முட்டை நம் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கோயிலுக்குக் கூடையில் எடுத்துப் போனால் ஐஸ் பொட்டலம் வையுங்கள்.

பண்டிகைக்குப் பின்

திரியை ஞாயிறுதோறும் இரவுச் சாப்பாட்டில் ஏற்றி, பெந்தெகொஸ்தே வரை வைத்திருங்கள். 2027-ல் அது மே 16. ஓலைச் சிலுவை வீட்டுப் பீடத்தில் படத்துக்குப் பின்னால் இருக்கட்டும். அடுத்த தவக்காலத்துக்குச் சில வாரங்கள் முன்பு கத்தோலிக்கக் கோயில்களில் காய்ந்த ஓலைகளைத் திரும்பக் கேட்பார்கள். சாம்பல் புதனன்று நெற்றியில் இடும் சாம்பல் அவற்றை எரித்துச் செய்வது. 2028-ல் சாம்பல் புதன் மார்ச் 1. பிள்ளையே கொண்டுபோய்ப் பெட்டியில் போடட்டும்.

வெந்தயக் கீரையை உயிர்ப்பு ஞாயிறன்றே அரிந்து மதியப் பருப்பில் போட்டுவிடுங்கள், இன்னும் இரண்டு நாள் விட்டால் கசப்பேறும். முள்முடி வட்டத்தைத் தகர டப்பாவில் மூடி வைத்தால் மறு ஆண்டுக்கும் உதவும், ஈர்க்கை மட்டும் புதிதாகக் குத்தினால் போதும். ஈரம் ஏறி நைந்திருந்தால் எறிந்துவிடலாம். ஆனால் பையில் இறுகக் கட்டிப் போடுங்கள். அவ்வளவு உப்பை நாய் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து.